பழைய காரின் ஏ.சி.யை 134ஏ கேஸுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி, கான்டெஸா, அம்பாசிடர் போன்ற கார்களை இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் செலவு செய்து காரைப் புதிதுபோல ஆக்கிவிடுவார்கள். ஏ.சி. என்று வரும்போது மட்டும் "இதில் பழைய கேஸ் சார், இப்போ கிடைக்காது" என்ற பதிலோடு வேலை நின்றுவிடும். இல்லையென்றால் யாராவது புது கேஸை அப்படியே ஏற்றிக் கொடுப்பார்கள், அடுத்த கோடைக்குள் கம்ப்ரஸர் இறுகிவிடும்.

ஆர்-12 என்ற பழைய கேஸில் ஓடிய ஏ.சி.யை, அதற்குப் பிறகு வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றுவது நன்றாக நடக்கக்கூடிய வேலைதான். ஆனால் கேஸ் ஏற்றுவது அதில் கடைசியாக வரும் ஒரு சின்னப் பகுதி. ஆயில், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), கசிவு, கண்டென்சர் (வெப்பத்தை வெளியே தள்ளும் பாகம்) ஆகிய நான்கையும் கவனித்தால் பல வருடம் ஓடும். கவனிக்காவிட்டால் எந்த கேஸை ஏற்றினாலும் நிற்காது.

என் காரில் இருப்பது எந்த கேஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பானெட்டைத் திறந்து ஸ்டிக்கரைத் தேடுங்கள். பானெட்டின் உள்பக்கம், ரேடியேட்டருக்கு மேலே உள்ள சட்டம், கம்ப்ரஸர் உடல், இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் கேஸின் பெயரும் அளவும் இருக்கும். ஸ்டிக்கர் உதிர்ந்துபோயிருந்தால் கேஸ் ஏற்றும் வால்வைப் பாருங்கள். திருகி மாட்டும் மரை உள்ள சின்ன வால்வு என்றால் ஆர்-12. மரை வெளியே தெரியாமல், அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும் வகை என்றால் ஆர்-134ஏ. அதில் லோ (குறைந்த அழுத்தப்) பக்க வால்வு 13 மி.மீ., ஹை (அதிக அழுத்தப்) பக்க வால்வு 16 மி.மீ.; ஒன்றை மற்றதில் மாட்ட முடியாதபடி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

வருடத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம். ஆர்-12 போன்ற சி.எஃப்.சி. (குளோரோஃப்ளோரோகார்பன்) கேஸ்களைப் புதுக் கருவிகளின் தயாரிப்பில் பயன்படுத்த இந்தியாவில் 2003 ஜனவரி 1 முதல் தடை. 1990களின் பின்பாதியிலேயே பல மாடல்கள் 134ஏ-க்குப் போய்விட்டதால், அந்தக் காலகட்டத்துக் கார் என்றால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முப்பது வருடக் கார் என்றால் நடுவில் யார் என்ன ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வால்வு பழையதாக இருந்தும் உள்ளே வேறு கேஸ் இருக்கலாம். கேஸ் வகையைக் கண்டுபிடிக்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆர்-12 ஏன் இப்போது கிடைப்பதில்லை?

அது ஓசோன் படலத்தைத் தின்றுவிடும். 1974-ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சி.எஃப்.சி. வாயுக்கள் மேல் வளிமண்டலத்துக்குப் போய் குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். அந்த ஆய்வுக்காக 1995-ல் பால் க்ருட்சனோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. நம் நாட்டில் சி.எஃப்.சி. தயாரித்த கம்பெனிகள் நான்கு. அவற்றில் ஒன்று நம் மேட்டூரில் இருந்த கெம்ப்ளாஸ்ட் சன்மார். 2008 ஆகஸ்டில் தயாரிப்பு நின்றது, 2010-க்குள் பயன்பாடும் முடிந்தது.

இது உலகம் ஒன்றுகூடிச் செய்து முடித்த அபூர்வமான நல்ல காரியம். பழைய கார் பிரியர்கள் இதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. காரையும் காப்பாற்றலாம், ஓசோனையும் காப்பாற்றலாம்.

ஆர்-12 ஸ்டாக் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். சிலிண்டருக்குள் இருப்பது ஆர்-12 தான் என்று நீங்கள் சோதிக்க வழியில்லை. உண்மையாகவே இருந்தாலும், அடுத்த முறை கசிந்தால் அதே நிலைமைக்குத்தான் வருவீர்கள்.

பழைய கேஸ் கசிந்து காலியாகிவிட்டது. அப்படியே 134ஏ-ஐ ஏற்றினால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கார் ஏ.சி. கம்ப்ரஸருக்கு எஞ்சின்போலத் தனி ஆயில் பம்ப் கிடையாது. பெரும்பாலான கம்ப்ரஸர்களில் கேஸோடு கலந்து சுற்றிவரும் ஆயில்தான் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு உயவு தருகிறது. ஆர்-12 காலத்தில் போட்டது மினரல் ஆயில். ஆர்-12 அதோடு நன்றாகக் கலக்கும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சர், அங்கிருந்து டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு (திரவ கேஸின் அழுத்தத்தைக் குறைத்து உள்ளே விடும் வால்வு), கூலிங் காயில் என்று ஆயிலையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கம்ப்ரஸருக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

134ஏ மினரல் ஆயிலோடு கலக்காது. அதை அப்படியே ஏற்றினால் ஆயில் போகிற வழியில் எங்கெல்லாம் தேங்க முடியுமோ அங்கெல்லாம் தேங்கும், முக்கியமாகக் கூலிங் காயிலின் அடியில். குளிர்ந்த இடம் என்பதால் அங்கே ஆயில் கெட்டியாகி இன்னும் நகராது. கூலிங் காயிலின் உள்சுவரில் ஆயில் படிந்தால் வெப்பம் சரியாகக் கடத்தப்படாது, குளிர்ச்சி குறையும். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம், கம்ப்ரஸருக்கு ஆயில் திரும்பி வராதது. வெளியே எதுவும் தெரியாது, சில வாரம் நன்றாகவே குளிரும். அப்புறம் ஒருநாள் சத்தம் ஆரம்பிக்கும். தேய்ந்த உலோகத் தூள் கண்டென்சர் வரை பரவியிருக்கும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் கம்ப்ரஸர் மட்டுமல்ல, கண்டென்சர், டிரையர், வால்வு எல்லாவற்றுக்கும் செலவு.

"பக்கத்துத் தெருக்காரர் அப்படியே ஏற்றினார், நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். எத்தனை கோடையாக ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எந்த ஆயில் போட வேண்டும்?

134ஏ-க்கு இரண்டு வகைச் செயற்கை ஆயில் உண்டு: பிஏஜி (பாலிஅல்கைலீன் கிளைகால்), எஸ்டர். புதிதாகத் தயாராகும் 134ஏ கார்களில் பெரும்பாலும் பிஏஜிதான் வருகிறது. பழைய காரை மாற்றும்போது நான் எஸ்டரையே சொல்வேன். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உள்ளே கொஞ்சம் மினரல் ஆயிலும் ஆர்-12 விட்டுப்போன குளோரின் சேர்மங்களும் மிஞ்சும். எஸ்டர் அவற்றைப் பொறுத்துக்கொள்ளும், பிஏஜி அந்த அளவுக்குப் பொறுக்காது. கம்ப்ரஸரையே 134ஏ-க்கான புதியதாக மாற்றுகிறீர்கள் என்றால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலைப் போடுங்கள், அங்கே வேறு யோசனையே வேண்டாம்.

இரண்டு ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும், பிஏஜி இன்னும் மோசம். திறந்து வைத்த டப்பாவில் மிச்சமிருக்கும் ஆயிலை யாராவது ஊற்றப் போனால் தடுத்துவிடுங்கள். சீல் உடைக்காத சின்ன டப்பாவாக வாங்குவது நல்லது.

அளவு கம்ப்ரஸருக்குக் கம்ப்ரஸர் மாறும், பழைய ஆயில் மொத்தத்தையும் வடித்துவிட்டு அந்தக் கம்ப்ரஸருக்கான முழு அளவைப் போட வேண்டும். அதிகமாகப் போட்டாலும் தப்புதான், குளிர்ச்சி குறையும்.

கம்ப்ரஸரையே மாற்ற வேண்டுமா?

நன்றாக ஓடும் கம்ப்ரஸர் என்றால் தேவையில்லை. கழற்றி, ஆயிலைக் கவிழ்த்து வடித்து, வடிந்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் பாருங்கள். தெளிவாக இருந்தால் நிம்மதி. கறுப்பாக இருந்தாலோ, வெள்ளி நிறத் தூள் மின்னினாலோ அந்தக் கம்ப்ரஸரை நம்பி மற்ற செலவுகளைச் செய்யாதீர்கள். ஷாஃப்ட் சீல் பக்கம் ஆயில் ஈரம் இருக்கிறதா, க்ளட்ச் பேரிங்கில் சத்தம் வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு எதையெல்லாம் கட்டாயம் மாற்ற வேண்டும்?

டிரையர். இதில் பேரமே கிடையாது. டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். ஆர்-12 காலத்து மணிகள் எக்ஸ்ஹெச்-5 வகை. 134ஏ-க்கும் அதன் ஆயிலுக்கும் எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 வேண்டும். வகை சரியாக இருந்தாலும், பல வருடம் காலியாகக் கிடந்த சிஸ்டத்தின் டிரையர் எப்போதோ ஈரத்தால் நிரம்பியிருக்கும். புது டிரையரின் மூடிகளை மாட்டும் நிமிடம் வரை கழற்றக் கூடாது. கடற்கரை ஊர்க் காற்றில் அரை நாள் திறந்து கிடந்தால் அதுவும் பழைய டிரையர் ஆகிவிடும்.

அடுத்து, கழற்றிய ஒவ்வொரு இணைப்பின் ஓரிங்கும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). 134ஏ-க்கான எச்.என்.பி.ஆர். வகை ரப்பர் ஓரிங் பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். நிறத்தை மட்டும் நம்பாமல், ஏ.சி. ஓரிங் செட் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது ஆயில் தடவுங்கள்.

மூன்றாவது, வால்வு அடாப்டர். பழைய மரை வால்வின் மேலேயே 134ஏ அடாப்டரைத் திருகிவிடலாம். அமெரிக்காவில் கேஸ் மாற்றும்போது இந்த அடாப்டரும் புது ஸ்டிக்கரும் சட்டப்படி கட்டாயம். அடுத்து வரும் மெக்கானிக் தெரியாமல் வேறு கேஸை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ரப்பர் ஹோஸ்கள்?

134ஏ-யின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இப்போதைய ஹோஸ்களில் நடுவே நைலான் படலம் இருக்கும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. வருடக்கணக்கில் மினரல் ஆயில் ஊறிய பழைய ஹோஸ் நினைத்த அளவுக்குக் கசிவதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வெடிப்பு, விறைப்பு, கிளாம்ப் பக்கம் எண்ணெய்க் கசிவு எது தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பழைய இரும்பு அல்லது அலுமினிய முனைகளை வைத்தே புது ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன, ஒரிஜினல் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம்.

கண்டென்சரை மாற்றச் சொல்கிறார்கள். அது உண்மையில் தேவையா, பில்லைக் கூட்டுகிறார்களா?

நம் ஊர் வெயிலுக்கு இது நியாயமான பேச்சு. குளிர் நாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் "பழைய கண்டென்சரே போதும்" என்று இருக்கும். அதை வேலூருக்கும் கரூருக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஏ.சி. என்பது குளிரைத் தயாரிக்கும் கருவி அல்ல, காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டும் கருவி. கொட்டும் இடம் கண்டென்சர். ஒரே வெப்பநிலையில் 134ஏ-யின் அழுத்தம் ஆர்-12-ஐவிட அதிகம். கண்டென்சருக்குள் 55 டிகிரி என்றால் ஆர்-12-க்கு சுமார் 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), 134ஏ-க்கு சுமார் 200. 65 டிகிரிக்குப் போனால் 230-ம் 260-ம். வெயில் ஏற ஏற இந்த இடைவெளியும் அகலமாகிறது. அக்னி நட்சத்திரத்தில் சிக்னலில் நிற்கும் காருக்குக் கண்டென்சர் வெப்பத்தைத் தள்ள முடியாமல் போனால் அழுத்தம் எகிறும், கம்ப்ரஸர் திணறும், எஞ்சின் சூடாகும், உள்ளே வெதுவெதுப்பான காற்றுதான் வரும்.

பழைய கண்டென்சர்கள் ஒரே நீளக் குழாயைப் பாம்புபோல வளைத்துத் தகடு கோத்தவை. இப்போது வருபவை பேரலல் ஃப்ளோ வகை. மெல்லிய பல குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் பாயும், அதே இடத்தில் இன்னும் அதிக வெப்பத்தைத் தள்ளும். உங்கள் காரின் ரேடியேட்டருக்கு முன்னால் கொள்ளும் மிகப்பெரிய பேரலல் ஃப்ளோ கண்டென்சரைப் போடுங்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே கிடைக்காவிட்டால் நீள அகலத்தை அளந்துகொண்டு போய், பொருந்தும் வேறு மாடலுடையதை வாங்கி பிராக்கெட் அடித்து மாட்டலாம். எனக்குக் கையில் குறைந்த பணம்தான் இருந்தால் புதுக் கம்ப்ரஸரைவிட இதில்தான் போடுவேன்.

கண்டென்சரோடு முடியவில்லை, காற்றும் வேண்டும். ஃபேன் சரியான திசையில் சுற்றுகிறதா, கார் நிற்கும்போது ஏ.சி. போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். பலரும் விடும் ஒரு விஷயம்: கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில் உள்ள இடைவெளி. அந்த வழியாக எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று திரும்பவும் முன்னால் வந்து கண்டென்சருக்குள்ளேயே போகும். ஓரங்களில் ஃபோம் பட்டை வைத்து அடைத்துவிட்டால், அந்தச் சின்ன வேலைக்கே டிராஃபிக்கில் நல்ல வித்தியாசம் தெரியும்.

இதோடு ஹை பிரஷர் சுவிட்ச் இல்லாத காராக இருந்தால் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அழுத்தம் எல்லை மீறினால் க்ளட்சைத் தானாக விடுவித்துக் கம்ப்ரஸரை நிறுத்தும். பழைய சிஸ்டங்கள் சிலவற்றில் அழுத்தம் மிஞ்சினால் கேஸையே வெளியே விட்டுவிடும் வால்வுதான் இருக்கும். அது கடைசிக் காவல். அதுவரை போகாமல் பார்த்துக்கொள்ள சுவிட்ச் வேண்டும்.

எக்ஸ்பான்ஷன் வால்வு?

டேஷ்போர்டைக் கழற்றி கூலிங் காயிலை வெளியே எடுக்கும் நிலை எப்படியும் வந்தால் 134ஏ-க்கான வால்வைப் போட்டுவிடுங்கள். வால்வு நன்றாக இருந்து, அதற்காக மட்டும் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருந்தால் விட்டுவிடலாம், பழைய வால்வும் ஓரளவு சரியாகவே வேலை செய்யும்.

சிஸ்டத்தில் இன்னும் கொஞ்சம் ஆர்-12 இருக்கிறது. திறந்து விட்டுவிடலாமா?

கூடாது. புவி வெப்பமாதலில் ஒரு கிலோ ஆர்-12 சுமார் 10,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஓசோன் பாதிப்பு அதற்கு மேல். ரெகவரி மெஷின் உள்ள இடத்தில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆர்-12 நெருப்பில் பட்டால் ஃபாஸ்ஜீன் போன்ற நச்சு வாயுக்கள் உருவாகலாம். பக்கத்தில் வெல்டிங், சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது.

உள்ளே சுத்தம் செய்வது எப்படி?

கண்டென்சர், கூலிங் காயில், குழாய்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக, ஏ.சி.க்கென்று விற்கும் ஃப்ளஷ் திரவத்தால் கழுவி, உலர் நைட்ரஜனால் ஊதி வெளியேற்ற வேண்டும். திரவம் துளியும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அது புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். கம்ப்ரஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகியவற்றில் ஃப்ளஷ் ஊற்றக் கூடாது. கம்ப்ரஸருக்குள் கொஞ்சம் புது ஆயில் விட்டுக் கையால் சுற்றி வடித்தால் போதும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் வைத்துக் கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அனுமதிக்காதீர்கள்.

நைட்ரஜன் இல்லை என்று வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கவே கூடாது. ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். உயிர் போகிற விஷயம் இது.

வேக்யூம் எவ்வளவு நேரம்? சிலர் செய்யாமலேயே கேஸ் ஏற்றுகிறார்களே?

செய்யாமல் ஏற்றுகிறார்கள் என்றால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வேக்யூம் பம்ப் இரண்டு வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் காற்றை எடுக்கிறது. காற்று கண்டென்சரில் திரவமாகாது, வெறுமனே இடத்தை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். அடுத்தது ஈரம். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்கும். 30 டிகிரி இருக்கும் நம் ஊர் நாளில், உள்ளே அழுத்தம் 32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் தண்ணீர் அந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிப் பம்ப் வழியாக வெளியே போய்விடும். அது உள்ளேயே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஓட்டையில் பனிக்கட்டியாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும்.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வேக்யூம் பம்பாக வைத்திருக்கும் கடைகள் உண்டு. அது இந்த ஆழத்துக்கு நம்பகமாக இழுக்காது. சரியான ரோட்டரி பம்ப், மைக்ரான் கேஜ் (வேக்யூமின் ஆழத்தை அளப்பது) இருந்தால் 500 மைக்ரானுக்குக் கீழே, குறைந்தது 45 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் திறந்து கிடந்த சிஸ்டம் என்றால் இன்னும் அதிக நேரம். முடிந்ததும் வால்வை மூடி அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். ஏறினால் எங்கோ கசிவு அல்லது ஈரம் இருக்கிறது.

வேக்யூமுக்கு முன்பே நைட்ரஜனை சுமார் 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இன்னும் நல்லது. கசிவு வெளியே வரும் திசையில்தான் நன்றாகத் தெரியும்.

எவ்வளவு கேஸ் ஏற்ற வேண்டும்?

ஆர்-12-க்குச் சொன்ன எடையில் 80 முதல் 90 சதவீதம். ஸ்டிக்கரில் 1,000 கிராம் என்றிருந்தால் 800-ல் ஆரம்பித்து, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக 900 வரை. தராசில் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கண்டென்சர், ஹோஸ் மாற்றியிருந்தால் அளவு சற்று மாறும், அங்கே கேஜும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் வழிகாட்டும்.

இங்கே அனுபவசாலி மெக்கானிக்குகளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய டிரையர்களின் தலையில் ஒரு கண்ணாடி இருக்கும். ஆர்-12-ல் அந்தக் கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றினால் அளவு சரி. மாற்றிய சிஸ்டத்தில் சரியான அளவிலும் 134ஏ கொஞ்சம் குமிழி காட்டலாம், பால்போல மங்கலாகவும் தெரியலாம். அதை மறைய வைக்கப் போனால் கேஸ் மிஞ்சிவிடும், ஹை பக்க அழுத்தம் எகிறும், குளிர்ச்சி குறையும். குளிர்ச்சி குறைகிறதே என்று இன்னும் ஏற்றுவார்கள்.

எஞ்சின் நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்து அளவு சொல்வதும் சரியல்ல. 30 டிகிரியில் 134ஏ-யின் அழுத்தம் சுமார் 97 பிஎஸ்ஐ. உள்ளே திரவம் மிச்சம் இருக்கும்வரை 300 கிராம் இருந்தாலும் 700 கிராம் இருந்தாலும் அதே 97 தான்.

ஓடும்போது கேஜ் என்ன காட்ட வேண்டும்?

வெளியே 35 டிகிரி, எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று, கதவுகள் திறந்த நிலையில் ப்ளோயர் முழுவதும் என்றால் லோ பக்கம் 25 முதல் 40, ஹை பக்கம் 210 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருந்தால் திருப்தி. ஹை பக்கம் 300-ஐத் தாண்டினால் கண்டென்சர் முன்னால் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கி உள்ளே குளிர்ந்தால் குறை காற்றோட்டத்திலோ கண்டென்சரிலோதான்.

முன்புபோலக் குளிருமா?

நெடுஞ்சாலையில் வித்தியாசம் தெரியாது. நகர நெரிசலில், நண்பகலில் ஒரு படி குறையலாம். கண்டென்சரும் ஃபேனும் மாற்றியிருந்தால் பல கார்களில் முன்பைவிட நன்றாகவே இருக்கும். உள்காற்றுச் சுழற்சியில் நடு வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி கிடைத்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. ஹீட்டர் வால்வு முழுவதும் மூடுகிறதா என்றும் பாருங்கள். பழைய கார்களில் அது லேசாகத் திறந்தே இருந்து, ஏ.சி. குளிர்வித்த காற்றைத் திரும்பச் சூடாக்கும்.

எல்.பி.ஜி. ஏற்றினால் நன்றாகக் குளிரும், ஆயிலும் மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

குளிரும், மினரல் ஆயிலோடு கலக்கவும் செய்யும். ஆனாலும் ஏற்றாதீர்கள். கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால். அங்கே கசிந்தால் கேஸ் நேராகப் பயணிகள் இருக்கும் இடத்துக்கு வரும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் ப்ளோயர் மோட்டாரின் பொறியோ ஒரு லைட்டரோ போதும். முன்னால் ஒரு சின்ன மோதல் என்றாலும் முதலில் உடைவது கண்டென்சர், அதற்கு ஓரடி பின்னால் சூடான எஞ்சின். வீட்டு ஃப்ரிட்ஜில் ஐசோபியூட்டேன் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே அளவு சில பத்துக் கிராம்தான், அந்தக் கருவியே அதற்காக வடிவமைத்தது. உங்கள் குடும்பம் உட்கார்ந்து போகும் காரில் இந்தச் சோதனை வேண்டாம்.

போலி 134ஏ பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, அபாயமும்கூட. மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் உலகச் சந்தையில் வந்திருக்கிறது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப்பட்டாலே தீப்பிடிக்கும் சேர்மத்தை உருவாக்கும். 2011-ல் வியட்நாமில் இப்படிக் கலப்பட கேஸ் ஏற்றப்பட்ட கப்பல் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து உயிர்ச்சேதம் ஆனது. கார் ஏ.சி.யின் பெரும்பகுதி அலுமினியம்தான். தெரிந்த டீலரிடம், பெயர் தெரிந்த கம்பெனியின் சீல் உடையாத டின் அல்லது சிலிண்டர் வாங்குங்கள், பில் கேளுங்கள். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

134ஏ-யும் தடையாகப் போகிறதாமே? நேராக அதற்கு அடுத்து வந்த ஆர்-1234ஒய்எஃப் கேஸுக்குப் போய்விடலாமா?

134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்கும். கார்பன் டை ஆக்சைடைப்போல 1,430 மடங்கு. அதனால் ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் அது கிடையாது, பெரும்பாலும் 1234ஒய்எஃப் தான். 134ஏ போன்ற கேஸ்களைக் குறைக்க மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்த்த கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி நம் நாட்டில் 2028-ல் இந்தக் கேஸ்களின் அளவு அதற்கு மேல் ஏறாமல் நிறுத்தப்படும், 2032 முதல் படிப்படியாகக் குறைந்து 2047-ல் 85 சதவீதக் குறைப்பு. ஆகவே பழைய காருக்குத் தேவையான 134ஏ இன்னும் நீண்ட காலம் கிடைக்கும்.

1234ஒய்எஃப் விலை மிக அதிகம், லேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு, அதற்கான கூலிங் காயிலும் கருவிகளும் தனி. ஆர்-12 காருக்கு அது பொருத்தமில்லை.

வீட்டிலேயே செய்யலாமா?

கழற்றுவது, கழுவுவது, ஓரிங், டிரையர், கண்டென்சர் மாட்டுவது வரை கைவேலை தெரிந்தவர் செய்யலாம். டிரையரை மட்டும் கடைசியாக, வேக்யூமுக்குச் சற்று முன் மாட்டுங்கள். வேக்யூமும் கேஸும் நல்ல கருவிகள் உள்ள கடையில். நீங்களே டின்னிலிருந்து ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால்: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், திரவ கேஸ் பட்டால் தோல் உறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது லோ பக்கத்தில் மட்டும், டின்னை நிமிர்த்தி வைத்து. ஹை பக்க வால்வை அந்த நேரத்தில் திறந்தால் 250 பிஎஸ்ஐ நேராக டின்னுக்குள் பாயும், டின் கையிலேயே வெடிக்கும்.

கசிவை அடைக்கும் திரவம் விற்கிறதே?

ஊற்றாதீர்கள். அது வால்வையும் கடைக்காரரின் ரெகவரி மெஷினையும் சேர்த்து அடைக்கும். நல்ல கடைகள் அப்புறம் உங்கள் காரைத் தொடவே மாட்டார்கள்.

மாற்றிய பின் என்ன கவனிக்க வேண்டும்?

பானெட்டின் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: ஆர்-134ஏ, ஏற்றிய எடை, ஆயிலின் வகையும் அளவும், தேதி. மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள், ஷாஃப்ட் சீலில் ஆயில் ஈரம் இருந்தால்தான் அது காய்ந்து கசியாது. கண்டென்சரை மாதம் ஒருமுறை மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கழுவுங்கள், பிரஷர் வாஷ் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். முதல் மாதம் முடிந்ததும் எல்லா இணைப்பிலும் விரலை வைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அந்த ஓரிங்கை அப்போதே மாற்றிவிடுங்கள்.